சந்தனத்துக்கு அடியில் ஒரு சிவப்பு

மழை பிடித்துக்கொள்வதற்கு முன் காரின் உறையை இழுத்துக் கட்டிவிடலாம் என்று வெளியே வந்த நாகேந்திரன், அந்தச் சாம்பல் நிறத் துணிக்குள் ஒரு சிவப்பு இருப்பதைக் கண்டார்.

பெரிய வெளிச்சம் என்று அதைச் சொல்ல முடியாது. டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடினால் விரல்களின் சதை வழியே ஒரு நிறம் கசியுமே, அந்த அளவுதான். ஸ்டியரிங்கிற்கு நேர் எதிரே, துணியின் நெசவுக்குள் அது ஊறிப்போய் நின்றிருந்தது. வானம் நாவற்பழ நிறத்தில் தாழ்ந்திருந்தது. ஆவடியின் அந்தப் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற மஞ்சள் சுவர் வீடுகளின் முன்னால், யார் யாரோ கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். ஒரு குக்கர் சீறி அடங்கியது. சாக்கடை ஓரத்து மண்ணிலிருந்து மழைக்கு முந்திய அந்தப் புளித்த வாடை எழுந்து வந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. அந்தச் சிவப்பு மட்டும் இருக்கக் கூடாத ஒன்று.

அவர் உறையைத் தொடவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் போய், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியைப் பார்த்தார். சாவி அங்கேதான் தொங்கியது. அதை எடுத்து, உண்மையான சாவிதானா என்று சந்தேகப்படுகிறவர் போல அதன் பற்களை விரலால் தடவினார்.

பிறகு வெளியே வந்து உறையின் முனையை மெல்லத் தூக்கினார். கண்ணாடிக்கு அப்பால், வேகம் காட்டும் வட்டத்தின் கீழே, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன வட்டம், இரு பக்கமும் இரண்டு வளைவுகள், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. கைப்பிரேக் இழுத்திருந்தால் அது எரியும். பிரேக் எண்ணெய் குறைந்தாலும் எரியும். சாவியே போடாத வண்டியில் அது எரிவதற்கு வழி கிடையாது. கதவைத் திறந்து அவர் உள்ளே குனிந்ததும், தூக்கம் வந்த ஒருவர் இமையை இறக்குவது போல, அது மெதுவாக மங்கி அணைந்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்குள் ஒரு இரும்புப் பெட்டி சிமெண்டுத் தரையில் இழுபடும் ஓசை கேட்டது. கர்ரென்று சிறிது தூரம். நின்றது. மறுபடியும் சிறிது தூரம். வரலட்சுமி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நாகேந்திரன் உறையைப் போர்த்தி, கயிற்றை இறுக்கிக் கட்டி, தேவைக்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

வரலட்சுமியின் கணவர் சம்பத்தும் நாகேந்திரனும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். சம்பத் கடைசல் பிரிவில் இருந்தார். நாகேந்திரன் தரப் பரிசோதனையில் மேற்பார்வையாளர். மயிரிழை பிசகினாலும் உருப்படியைச் சிவப்புச் சாயம் தடவி ஒதுக்கிவிடுகிற கை என்று அவருக்குப் பெயர். 'நாகேந்திரன் சார் பாஸ் பண்ணினா பிரம்மாவே பாஸ் பண்ணின மாதிரி' என்று சம்பத்தே பலமுறை கேலி செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் வாங்கிய மாருதி, அந்த வரிசையிலேயே முதல் கார் என்பதால், குடியிருப்பில் எல்லோருக்கும் கொஞ்சம் சொந்தமாக இருந்தது. பிரசவத்துக்குப் போயிற்று. பெண் பார்க்கப் போயிற்று. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்ததில்லை.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே, வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்த விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. பிரேக் எண்ணெய் குறைகிறது, எங்கோ கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவருக்குத் தெரியும். வண்டியோடு வந்த கையேட்டை அவர் வரிவிடாமல் படித்தவர். ஆனால் மெக்கானிக் பூஜைக்காகப் பட்டறையைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு நாள்தானே, விஜயதசமி கழியட்டும் என்று நாகேந்திரன் இருந்துவிட்டார். பூஜையன்று, வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கற்பூரம் காட்டும்போது, விளக்கு மினுங்கவில்லை, நிலையாக எரிந்தது. சுற்றிலும் அக்கம்பக்கத்தார் பொரித் தட்டுகளோடு நின்றிருந்தார்கள். பத்துப்பேர் வாழ்த்துகிற நேரத்தில் அப்படி ஒரு சிவப்பு கண்ணில் படுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி லோகநாயகி ஸ்டியரிங்குக்கும் கண்ணாடிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த கிண்ணத்திலிருந்து, அவரே ஒரு விரல் சந்தனம் எடுத்து, அந்த விளக்கின் மேல் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

அப்போதுதான் சம்பத் ஜன்னலில் கையூன்றிக்கொண்டு கேட்டார். "சார், நாளைக்கு ஐயப்பன்தாங்கல் போய் எங்க அத்தையக் கூட்டியாரணும். வண்டி தருவீங்களா?"

"தாராளமா எடுத்துக்கோப்பா" என்றார் நாகேந்திரன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. பூஜைப் பொட்டை யாரும் துடைத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

மறுநாள் மாலை, பருத்திப்பட்டு ஏரிக்கரை வளைவில் வண்டி திரும்பாமல் நேரே தண்ணீருக்குள் இறங்கியது. சம்பத் தனியாகத்தான் இருந்தார். காவல் நிலையத்து முற்றத்தில், சேறு வழிய நின்ற காரை முதலில் பார்க்கப் போனவர் நாகேந்திரன். சந்தனம் தண்ணீரிலும் முழுதாகக் கரையாமல் ஒட்டியிருந்தது. காவலர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில், அவர் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பிறகு வந்த வாகன ஆய்வாளர், மோதலில் குழாய்கள் அறுந்துவிட்டதால் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். தார்ச்சாலையில் டயர் இழுபட்ட தடம் இல்லை, ஆகவே ஓட்டியவர் பிரேக்கைத் தொடவே இல்லை, பண்டிகை நாள், குடித்திருப்பார் என்று போலீஸார் முடிவு கட்டினார்கள். 'குடிப்பாரா?' என்று நாகேந்திரனைக் கேட்டார்கள். 'எனக்குத் தெரியாது சார்' என்று அவர் மிகுந்த பணிவுடன் சொன்னார். சம்பத் குடிக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு பதிலிலிருந்து பேச்சு கிளம்பி, வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. வரலட்சுமி குழாயடிக்கு வந்தால் பேச்சு நிற்கும். ஆண்டு முழுவதும் அந்த மௌனத்தைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாகேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை விற்கவும் அவருக்குத் துணிவில்லை. வாங்க வருகிறவர் கேள்வி கேட்பார்.

உறைக்குள் சிவப்பைக் கண்டதற்கு மறுநாள் காலையில் அவர் காரைச் சேக்காட்டில் இருந்த கோதண்டத்தின் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஏரியிலிருந்து வந்த வண்டியைத் தட்டி நிமிர்த்தி ஓடவைத்தவரும் அவர்தான்.

"வாங்க சார்" என்றார் கோதண்டம், ஒரு வேனின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி. "இன்னா, நம்ம வண்டிப் பொண்ணுக்கு மறுபடியும் ஒடம்பு சரியில்லியா?"

"பிரேக் விளக்கு சாவி போடாமலே எரியுதுப்பா."

"சாவி போடாம எரிஞ்சா நல்லதுதானே சார். பெட்ரோல் ஊத்தாம ஓடிச்சின்னாலும் சொல்லுங்க, நானே வாங்கிக்கிறேன்."

சிரித்தாலும் வேலையை அவர் முறையாகச் செய்தார். எண்ணெய்க் கிண்ணம் நிறைந்திருந்தது. நான்கு சக்கரங்களிலும் கசிவில்லை. கைப்பிரேக்கின் அடியில் இருந்த சுவிட்சை மாற்றினார். பின்புறத்து வெட்டவெளிக்கு ஓட்டிப்போய்ச் சடக்கென்று நிறுத்திக் காட்டினார். ஈர மணலில் சக்கரங்கள் இரண்டு கோடுகளை ஆழமாகக் கிழித்தன.

"நாய் மாரி கவ்வுது பாருங்க" என்றார் இறங்கிக்கொண்டே. "அன்னிக்கும் இப்பிடித்தான் கவ்வியிருக்கும். சம்பத் சார் ஒரு கட்டிங் போடாம இருந்திருந்தார்னா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு. தப்பா நெனச்சிக்காதீங்க, செத்தவரைச் சொல்லக் கூடாது."

நாகேந்திரன் தம் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில்லாத அந்தப் பகலில் கிரீஸ் நாற்றம் தொண்டையில் படிந்தது. இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போயிற்று.

"அந்த விளக்கையே எடுத்திருப்பா" என்றார்.

கோதண்டம் முன்பலகையைக் கழற்றி, கடுகு போன்ற ஒரு பல்பை உருவி, அவர் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க. இனிமே எரியறதுக்கு அதுக்கு வாயே இல்ல. போய் நிம்மதியா சாப்ட்டுத் தூங்குங்க. கண்ணெல்லாம் உள்ள பூடுச்சு."

திரும்பும் வழியில், ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றபோது, ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த தம் கைவிரல்களின் கணுக்கள் சிவந்திருப்பதை நாகேந்திரன் பார்த்தார். குனிந்து பார்க்காமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். பிறகு பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. நேற்றைவிடத் தெளிவாக. சட்டைப் பைக்குள் அந்தப் பல்பு கண்ணாடித் துகள் போல நெஞ்சில் குத்தியது.

வீட்டு வாசலில் லோகநாயகி காத்திருந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் எரியுதே, ரிப்பேர்க்காரன் என்னத்தப் பாத்தான்?" என்றார்.

அவளுக்கும் தெரிகிறது. அதுவரை, தம் கண்ணில்தான் கோளாறு என்ற ஒரு சின்ன ஆறுதலை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் விட்டுப் போயிற்று.

"பிரேக் நல்லா இருக்காம்" என்றார்.

"நல்லா இருந்தாச் சரி. வரலட்சுமியை நூம்பல்ல அவங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடறீங்களா? சாமானெல்லாம் காலைலயே டெம்போல போயிடுச்சு. வீட்டுச் சாவியை ஆபீஸ்ல சாயங்காலம்தான் வாங்கிக்குவாங்களாம். நீங்க கூட்டிப் போவீங்கன்னு சொல்லிட்டேன்."

"இந்த வண்டிலயா?"

"நானும் தயங்கித்தாங்க ஆட்டோ பாக்கலாம்னேன். அவதான் இந்த வண்டிலயே போறேன்னு சொல்றா." லோகநாயகி குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வருசமா அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதுவுமே கேட்டதில்ல. இன்னைக்குப் போனா இனிமே எங்க பாக்கப் போறோம்."

இனிமேல் பார்க்கப் போவதில்லை. நாகேந்திரனின் மனத்தில் அந்தச் சொற்கள் இரண்டு விதமாக இறங்கின. இன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லவே முடியாது என்பது ஒன்று. இன்றைக்கு மட்டும் தாண்டிவிட்டால் இனிச் சொல்லவே வேண்டாம் என்பது மற்றொன்று. எதற்காகத் தாம் தலையசைத்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

மாலையில் மழை வந்துவிட்டிருந்தது. வரலட்சுமி ஒரு துணிப்பையோடும், டப்பாவில் நட்ட கறிவேப்பிலைக் கன்றோடும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஏறுவதற்கு முன் கதவின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கண்ணாடிகளை ஏற்றியதும் நசுங்கிய கறிவேப்பிலையின் வாசனையும் நனைந்த நூல்புடவையின் வாசனையும் காருக்குள் நிறைந்தன. கூரைமேல் மழை அவல் இடிப்பது போல ஓயாமல் விழுந்தது. குடியிருப்பின் வாயிலைக் கடந்ததும் சாலை விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன, மின்சாரம் போயிற்று. கடைகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்திகள் முளைத்தன. துடைப்பான்கள் கண்ணாடியில் இழுத்து இழுத்துத் திறந்துவிட்ட அரைவட்டத்துக்குள் சாலை கறுத்து மினுங்கியது.

முன்பலகையில் சிவப்பு எரிந்தது. இருட்டில் அதற்கு வலு கூடியிருந்தது. அது அவருடைய சட்டையின் பொத்தான்களைத் தொட்டு, கியர் கம்பியின் குமிழைத் தொட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் வரலட்சுமியின் தாடையையும் ஒரு மூக்குத்தியையும் மட்டும் காட்டியது.

"டெம்போல சாமானம் போச்சே, எங்க அண்ணி இன்னா சொல்லிச்சு தெரிமாண்ணா?" என்றார் வரலட்சுமி. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "குடிகாரன் ஊட்டு சாமானத்த மாட்டுக் கொட்டாயில போடுங்கன்னுச்சாம். எங்க அண்ணன் தங்கவேலு வாயத் தெறக்கல. நான் அங்கதான் இனிமே காலம் தள்ளணும்."

நாகேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மழை ஜாஸ்தியா இருக்கும்மா" என்றுதான் வந்தது.

"பிரேக்கே போடலன்னு போலீஸ்ல சொன்னாங்க. தடமே இல்லியாம். அவுரு ரோட்ல ஒரு ஓணான் குறுக்க வந்தாகூட சைக்கிள நிறுத்திட்டுப் பாத்துகினு இருப்பாருண்ணா. அவுரு எப்பிடி பிரேக்கு போடாம போவாரு?"

கிளட்சை மிதித்தார். கியரை மாற்றினார். பிரேக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வண்டி உடனே கீழ்ப்படிந்தது. எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

பின்னால் இருக்கை முனகியது. வரலட்சுமி முன்னால் சாய்ந்தார். அவருடைய மூச்சின் வெப்பம் நாகேந்திரனின் இடது தோளில் பட்டது.

"அது இன்னாண்ணா, செவப்பா எரியுது?"

பருத்திப்பட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. இடதுபுறம் வீடுகள் முடிந்துபோய், அங்கே இருட்டு மட்டும் தட்டையாகப் படுத்திருந்தது. அதுதான் ஏரி.

"அது... ஒரு விளக்கும்மா."

"எதுக்கு எரியும்?"

பொய் சொல்ல அவர் நினைத்தார். வாய் அதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டது. "பிரேக்குல ஏதாவது குறை இருந்தா எரியும்."

மழை. துடைப்பானின் இழுப்பு.

"அன்னிக்கும் இது எரிஞ்சுதாண்ணா?"

அவர் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார்.

"எரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை நீங்க எங்க ஊட்ல வந்து சொன்னாப் போதும். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கேஸுகீஸு எதுவும் வேணாம். அவுரு குடிக்கலன்னு ஆயிடும். பெரிய மனுசன் நீங்க சொன்னா எங்க அண்ணி வாய மூடும். சொல்லுங்கண்ணா. எரிஞ்சுதா?"

அவர் கண்முன் தொழிற்சாலையின் பரிசோதனை மேசை வந்தது. சிவப்புச் சாயத் தூரிகை வந்தது. மறுநாள் காலையில் அந்த மேசையைச் சுற்றி நின்று அவரைப் பார்க்கப் போகும் முகங்கள் வந்தன. பத்துப்பேர் முன்னால் கூச்சப்பட்டு ஒரு விரல் சந்தனம் அப்பிய அதே மனம், இப்போதும் அவருக்குள் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இல்லம்மா" என்றார், மிகவும் மரியாதையாக. "எரியல. வண்டில ஒரு குறையும் இல்ல."

விளக்கு அணைந்தது.

முதலில் அவர் உணர்ந்தது நிம்மதியைத்தான் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு நீண்ட மூச்சு தானாகவே வெளியேறியது. சிவப்பு விலகியதும் காருக்குள் இருட்டு முழுமையாக வந்து நிறைந்தது. வரலட்சுமி பின்னால் சாய்ந்துகொண்ட ஓசை கேட்டது. அழுகிறாரோ என்று கவனித்தார். அழவில்லை. வேறு எதையோ கவனிக்கிறவர் போல அவர் மிகவும் அமைதியாக இருந்தார்.

பிறகு, நாகேந்திரன் உட்கார்ந்திருந்த இருக்கையின் சுருள்கள் முனகின. அவர் அசையவில்லை. ஆனாலும் இருக்கை இன்னும் ஒரு ஆளுக்கு இடம் கொடுப்பது போல மெதுவாக அமுங்கியது. அவருடைய தொடைகளின் மேல் ஒரு கனம் இறங்கியது. குளிர்ச்சி. வேட்டி முழுவதும் நனைந்தது. கஞ்சி போட்ட சட்டை தண்ணீரில் ஊறினால் எழும் அந்த வாடையும், பாசியின் வாடையும் மூக்குக்கு மிக அருகில் வந்தன.

எதிரே சாலை தெரிந்தது. முன்விளக்கின் வெளிச்சத்தில் மழைக்கம்பிகள் தெரிந்தன. அவற்றுக்கும் அவர் கண்களுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. வட்டமாக. கறுப்பாக. அவருடைய உதடுகளில் முடி உரசியது. ஈரமான, கட்டையாக வெட்டிய, பிடரி முடி.

தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். ஒரு காதின் விளிம்பு அவர் கன்னத்தில் பட்டது. ஐஸ் போலிருந்தது.

ஸ்டியரிங்கின் மேல் அவர் கைகள் இருந்தன. அவற்றின் மேல் இன்னும் இரண்டு கைகள் இருந்தன.

வளைவு வந்துகொண்டிருந்தது. பிரேக்.

காலைப் பிரேக்கின் மேல் வைத்தார். திரும்ப எடுக்க முடியவில்லை. அவருடைய வலது பாதத்தின் மேல் ஒரு பாதம் இருந்தது. செருப்பில்லாத பாதம். விரல்களை மடக்கி, குதிகாலை ஊன்றி, ஒரு மனிதனுக்கு இருக்கும் முழுப் பலத்தோடும் அது அழுத்தியது. மிதி தரை வரை போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. வெறும் காற்றை மிதித்தது போல. பாதம் உயர்ந்தது, மறுபடியும் அழுத்தியது. உயர்ந்தது, அழுத்தியது. அவருடைய கணுக்காலில் எலும்பு உரசியது. வண்டி வேகம் குறையவில்லை.

சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தார். இப்போதே. எரிந்தது. நான்தான் மூடினேன். அவன் குடிக்கவில்லை. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஈர முடி நுழைந்தது. நாக்கின் மேல் சேறு.

"என்னங்க."

பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். மெல்லிய குரல். எப்போதும் அவரை அண்ணா என்றே அழைத்துவந்த குரல். இப்போது அது அவரைக் கூப்பிடவில்லை.

மேலே, கண்ணாடியில், வரலட்சுமி முன்னால் சாய்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது. அவருடைய கை நாகேந்திரனின் காதைத் தாண்டி நீண்டது. வளையல்கள் இல்லாத கை. அது அவர் தோளைத் தொடவில்லை. அவருக்கு முன்னால் இருந்த தோளைத் தொட்டு, நனைந்த சட்டையை மெதுவாக நீவிவிட்டது.

"நீங்க அழுத்தினீங்கதானே?" என்றார் வரலட்சுமி. "எத்தினி வாட்டி அழுத்தினீங்க?"

முன்விளக்குகளின் எதிரே சாலை முடிந்து, தண்ணீர் தொடங்கியது. நாகேந்திரனின் பாதத்தின் மேல் இருந்த பாதம், கேட்டவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியது.

ஒன்று.

இன்னொன்று.

இன்னொன்று.